தன்னார்வப் பணி தேடுவது எப்படி? உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

“எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயார்” என்று எழுதி அனுப்பும் விண்ணப்பங்களுக்குத்தான் பெரும்பாலும் பதிலே வருவதில்லை. எழுதுபவர் நல்ல மனதோடுதான் எழுதுகிறார். ஆனால் படிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு அது கூடுதல் சுமை. இவருக்கு என்ன தெரியும், எந்தக் கிழமை வருவார், எத்தனை மாதம் நீடிப்பார், யார் சொல்லிக்கொடுப்பது என எல்லாவற்றையும் அவரே யோசிக்க வேண்டியிருக்கிறது. “சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை வர முடியும், கணக்கு எழுதத் தெரியும், அடுத்த 6 மாதம் ஊரில்தான் இருப்பேன்” என்று எழுதுபவரை அழைப்பது எளிது.

எதையுமே கேட்காமல் வரவேற்கும் இடங்களும் உண்டு. பணம் கட்டினால் போதும், அடுத்த வாரமே குழந்தைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பார்கள். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். ஓர் அமைப்பு உங்களை எந்த அளவுக்கு விசாரிக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அது தன்னிடம் உதவி பெறுபவர்களை மதிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளூர் நூலகமானாலும் ஐ.நா. பணியானாலும் இந்த அளவுகோல் பொருந்தும்.

1. முதலில் உங்கள் நேரக் கணக்கு

கடந்த 2 வாரங்களில் உண்மையாகவே சும்மா இருந்த மணி நேரங்களைக் குறித்துப் பாருங்கள். கிடைக்கும் எண்ணிக்கையில் பாதியை மட்டும் தன்னார்வப் பணிக்கு ஒதுக்குங்கள். போய்வரும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும். ஆரம்பத்தில் வாரத்துக்கு 10 மணி நேரம் தருகிறேன் என்பவர்கள் சீக்கிரமே சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். வாரம் 2 அல்லது 3 மணி நேரம், ஆனால் 6 மாதம் தவறாமல் வருகிறேன் என்பவர்தான் எந்த அமைப்புக்கும் லாபம். பயிற்சி கொடுக்க அவர்கள் செலவிடும் உழைப்பு அப்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

அடுத்து ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்யக்கூடியது, கற்றுக்கொண்டு செய்ய விரும்புவது, எந்த நிலையிலும் செய்ய முடியாதது. மூன்றாவதைப் பலரும் எழுதுவதில்லை. இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், உயரத்தில் ஏற முடியாது, இறந்துகொண்டிருப்பவர் அருகில் உட்கார மனம் தாங்காது என்பவையெல்லாம் வெட்கப்பட வேண்டியவை அல்ல. முதலிலேயே சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர் ஓய்வு நேரத்திலும் கணக்கே பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாய்களைக் குளிப்பாட்டத்தான் ஆசை என்றால் அதையே கேளுங்கள். ஆனால் சிறிய அமைப்புகளுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் வேலைகள் கணக்கு, சட்ட ஆலோசனை, வலைத்தளம், மொழிபெயர்ப்பு, வண்டி ஓட்டுதல் போன்றவைதான். மரம் நட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நட்ட மரத்துக்கு 2 ஆண்டு தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இல்லை.

2. உள்நாட்டில் தேட வேண்டிய இடங்கள்

தேடுபொறியில் ‘தன்னார்வலர்’ என்று தட்டினால் பெரிய அமைப்புகள்தான் முதலில் வரும். அவற்றில் காத்திருப்போர் பட்டியல் நீளம். அதைவிட, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள். அரசு மருத்துவமனை, நூலகம், முதியோர் இல்லம், விலங்குக் காப்பகம், பார்வையற்றோர் பள்ளி, வலி தணிப்புச் சிகிச்சை மையம், ஏரி பாதுகாப்புக் குழு என்று பட்டியல் போட்டால் 10 இடங்களாவது தேறும். தூரம் குறைவாக இருந்தால்தான் மழை நாளிலும் போவீர்கள்.

செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கின்றன. தன்னார்வச் சேவை அந்த இயக்கத்தின் 7 அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. முதலுதவிப் பயிற்சியோடு தொடங்க விரும்புபவர்களுக்கு அது நல்ல வாசல். பேரிடர் நேரத்தில் உதவ ஆசைப்படுபவர்கள் பேரிடருக்கு முன்பே அங்கே பெயர் பதிந்து பயிற்சி எடுத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு தானாகக் கிளம்பிப் போகிறவருக்கும் சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம் தேவைப்படும். அவை ஏற்கெனவே பற்றாக்குறையில் இருப்பவை.

தற்கொலைத் தடுப்பு உதவி எண்களில் தொலைபேசியில் காதுகொடுக்கும் வேலையும் உண்டு. நேர்காணல், பல வாரப் பயிற்சி, மூத்தவர் பக்கத்தில் இருந்து கேட்கும் அழைப்புகள் என்று கடந்துவந்த பிறகே தனியாகப் பேச விடுவார்கள். சமீபத்தில் நெருங்கியவரை இழந்தவர்களைக் கொஞ்ச காலம் கழித்து வரச் சொல்வதும் உண்டு. அதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. மின்னஞ்சல் எழுதுவது

5 அல்லது 6 அமைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் நகல் அனுப்பினால் உடனே தெரிந்துவிடும். நீளம் 120 சொற்களைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் மையத்தில் ஞாயிறு மாலைகளில் நடக்கும் வாசிப்பு வகுப்பு பற்றி அறிவிப்பில் பார்த்தேன். அதில் உதவ விரும்புகிறேன். நான் 4 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துநராக வேலை செய்கிறேன். சிறுவர்களுக்குப் பாடம் நடத்திய அனுபவம் இல்லை, பயிற்சி இருந்தால் கலந்துகொள்வேன். ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை, குறைந்தது 6 மாதம் வர முடியும். பின்னணிச் சரிபார்ப்புக்கும் இரண்டு பேரின் பரிந்துரைக்கும் ஏற்பாடு செய்கிறேன். ஒரு நாள் நேரில் வந்து பார்க்கலாமா?”

இதில் அவர்கள் செய்யும் குறிப்பிட்ட ஒரு வேலையின் பெயர் இருக்கிறது. கிழமையும் நேரமும் இருக்கின்றன. தெரியாததை ஒளிக்கவில்லை. கடைசியில் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. பதில் வரவில்லை என்றால் 10 நாள் கழித்துத் தொலைபேசியில் அழையுங்கள். சிறிய அமைப்புகளில் மின்னஞ்சலை வாரம் ஒருமுறை திறப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது முறையும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடலாம்.

4. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

நேரில் போகும்போது, எனக்கு மேற்பார்வையாளர் யார் என்று முதலில் கேளுங்கள். “எல்லோரும்தான்” என்று பதில் வந்தால் யாரும் இல்லை என்று அர்த்தம். போக்குவரத்துச் செலவு தருவார்களா, பணியின்போது அடிபட்டால் காப்பீடு உண்டா, ஒரு வாரம் வர முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், விலக நினைத்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தேவை என்பவற்றையும் கேட்டுவிடுங்கள். முடிந்தால் இவற்றை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள். சட்டப்படி அது பெரிய ஆவணமாக இல்லாமல் போகலாம். ஆனால் 3 மாதம் கழித்து “இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வேலை பெருகும்போது எடுத்துக்காட்ட ஒரு தாள் இருக்கும்.

குழந்தைகள், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் உங்கள் அடையாளச் சான்று, காவல்துறை நற்சான்று, பரிந்துரைகள் எதையும் கேட்காமல் உள்ளே விட்டால், உங்களுக்கு முன்னால் வந்தவர்களையும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். அங்கே சேராதீர்கள்.

சேர்ந்தபின் முதல் 4 வாரங்களை இரு தரப்புக்குமான சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனால் வேலையே இல்லை, சும்மா உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் புதியவர்களின் பொதுவான புகார். ஒருங்கிணைப்பாளர் அன்று ஓடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

5. வீட்டில் இருந்தபடியே

பயணம் செய்ய முடியாதவர்களுக்கும், வெளிநாட்டுப் பணிக்கு முன் அனுபவம் சேர்க்க நினைப்பவர்களுக்கும் ஆன்லைன் பணி ஏற்றது. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 18 வயது நிரம்பியவர்களை ஆன்லைன் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆய்வு, எழுத்து போன்ற பணிகள் இதில் வரும். சம்பளமும் இல்லை, கட்டணமும் இல்லை.

வரைபடத்தில் ஆர்வம் இருந்தால் மனிதாபிமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவின் தளத்தில் சேரலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது யாரும் சேர்ந்து வரையக்கூடிய இலவச உலக வரைபடம். செயற்கைக்கோள் படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு சதுரத்தை எடுத்து அதில் தெரியும் வீடுகளையும் சாலைகளையும் வரைய வேண்டும். முடித்த பிறகு அனுபவமுள்ள இன்னொருவர் சரிபார்ப்பார். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, கூரையின் நிழலையும் சேர்த்துக் கட்டடமாக வரைந்துவிடுவது. இன்னொன்று, சுவரோடு சுவர் ஒட்டிய நான்கு வீடுகளை ஒரே வீடாக வரைவது. நிவாரணக் குழுக்கள் மக்கள்தொகையை மதிப்பிட இந்த வரைபடத்தையும் பயன்படுத்துகின்றன என்பதால் அவசரப்படாமல் வரைய வேண்டும்.

வானியல், காட்டுயிர், பழைய கையெழுத்துப் பிரதிகள் என்று ஆய்வாளர்களுக்கு உதவ ஜூனிவர்ஸ் தளம் இருக்கிறது. ஒரே படத்தைப் பலருக்கும் காட்டி, பெரும்பான்மை விடையை எடுத்துக்கொள்வதால் நீங்கள் தவறாகக் குறித்தாலும் ஆய்வு கெடாது. 5 நிமிடம் மட்டுமே கிடைக்கும் நாட்களுக்கு ‘பி மை ஐஸ்’ செயலி பொருத்தம். பார்வையற்றவர் ஒருவர் வீடியோ அழைப்பில் மருந்துச் சீட்டையோ காலாவதித் தேதியையோ காட்டிக் கேட்பார், நீங்கள் படித்துச் சொல்ல வேண்டும். உங்கள் மொழியில் பேசுபவர்களோடுதான் இணைக்கும்.

6. வெளிநாடு: நான்கு வழிகள்

உள்ளூரில் 6 மாதம்கூட எங்கும் பணி செய்யாமல் நேரே வெளிநாட்டுக்குக் கிளம்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நல்ல அமைப்புகள் முதலில் கேட்பதும் அந்த அனுபவத்தைத்தான்.

முதல் வழி, செலவை அமைப்பே ஏற்கும் திட்டங்கள். 1970-ல் ஐ.நா. பொதுச் சபை உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. 18 முதல் 26 வயதுவரை இளையோர் பிரிவு. 27 வயதுக்கு மேல் துறை அனுபவம் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு. நேரில் போய்ச் செய்யும் பணிகளுக்கு மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கான படியும் காப்பீடும் உண்டு. அதனாலேயே போட்டி கடுமை. தளத்தில் சுயவிவரத்தைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் நடக்காது. அறிவிப்பு வரும் ஒவ்வொரு பணிக்கும் அதில் கேட்டிருக்கும் தகுதிகளை அதே வரிசையில் எடுத்து, உங்கள் அனுபவத்தை எண்களோடு எழுதி விண்ணப்பிக்க வேண்டும்.

சில திட்டங்கள் குடியுரிமை, வயதோடு கட்டப்பட்டவை. 1961-ல் தொடங்கிய அமெரிக்க அரசின் தன்னார்வத் திட்டமான அமைதிப் படையில் (பீஸ் கோர்) அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே இடம், வழக்கமான பணிக்காலம் 27 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றுமைப் படைத் திட்டம் பொதுவாக 18 முதல் 30 வயதினருக்கானது. தங்குமிடம், உணவு, காப்பீடு, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் கொடுக்கும். ஆனால் ஒன்றியத்திலும் அதோடு இணைந்த சில நாடுகளிலும் வசிப்பவர்களுக்குத்தான் பொருந்தும். நாடு, வயது விதிகளை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் படியுங்கள்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தன்னார்வ வாய்ப்பு என்று நினைத்துப் பலர் எழுதுகிறார்கள். களத்துக்கு அது அனுப்புவது தொழில் அனுபவமுள்ள மருத்துவர், செவிலியர், கிடங்கு மேலாளர், கணக்காளர் போன்றவர்களை, அதுவும் சம்பளத்தோடு. மாணவர்களுக்கு அங்கே களப்பணி கிடைக்காது.

இரண்டாவது, வேலை முகாம். முதல் உலகப் போரால் சிதைந்த பிரான்சின் வெர்டன் பகுதியில் 1920-ல் சுவிட்சர்லாந்துக்காரர் பியர் செரசோல் தொடங்கிவைத்த முகாமிலிருந்து வளர்ந்தது சர்வதேசக் குடிமைச் சேவை என்ற அமைப்பு. பல நாட்டவர் 10, 15 பேர் சேர்ந்து 2 அல்லது 3 வாரம் ஒரே இடத்தில் தங்கி, பழைய கட்டடத்தைச் சீரமைப்பது, பாதை போடுவது, விழா நடத்த உதவுவது போன்றவற்றைச் செய்வார்கள். உணவும் தங்குமிடமும் முகாமில் கிடைக்கும். பயணச் செலவும் சிறு பதிவுக் கட்டணமும் உங்களுடையவை. முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் எங்கள் முதல் சிபாரிசு. காலம் குறைவு, குழு இருக்கிறது, தனிச்சிறப்பான திறமை தேவையில்லை.

மூன்றாவது, உழைப்புக்குப் பதில் உணவும் இடமும். 1971-ல் இங்கிலாந்தில் சூ கோப்பார்டு தொடங்கிய வூஃப் வலைப்பின்னல் இயற்கை விவசாயப் பண்ணைகளோடு இணைக்கிறது. நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேலை. ஒவ்வொரு நாட்டு வூஃப் அமைப்புக்கும் தனி உறுப்பினர் கட்டணம். பண்ணையாருக்கு எழுதும்போது வேலை நேரம், விடுமுறை நாள், தூங்கும் இடம் தனி அறையா கூடாரமா, குளியலறை எங்கே, அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கே சண்டை பெரும்பாலும் வேலை நேரத்தை ஒட்டித்தான் வரும். காலையில் 2 மணி நேரம், இரவு 3 மணி நேரம் என்று பிரித்துக் கொடுத்தால் கணக்கு 5 மணிதான், ஆனால் முழு நாளும் போய்விடும்.

நான்காவது, கட்டணம் கட்டிப் போகும் திட்டங்கள். எல்லாமே ஏமாற்று அல்ல. ஆனால் இங்கேதான் அதிகம் தோண்டிப் பார்க்க வேண்டும்.

7. கட்டணத் திட்டத்தைத் தோண்டிப் பார்ப்பது

கட்டணத்தில் தங்குமிடம், உணவு, உள்ளூர் அமைப்புக்குக் கொடுக்கும் தொகை, நிர்வாகம், விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு உள்ளூர்ப் பங்காளி அமைப்பின் பெயரைக் கேட்டு வாங்கி, அதற்கு நேரடியாக எழுதுங்கள்: “இந்த நிறுவனத்தின் வழியாகத் தன்னார்வலர்கள் வருகிறார்களா? அவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்கள் வராத மாதங்களில் அதே வேலையை யார் செய்கிறார்கள்?” கடைசிக் கேள்வி முக்கியமானது. உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி கிடைத்திருக்க வேண்டிய வேலையை, செங்கல் அடுக்கத் தெரியாத நீங்கள் பணம் கட்டிச் செய்கிறீர்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

முன்பு போய்வந்த இருவரிடம் பேசுங்கள். ஒருவரை நிறுவனம் சொல்லட்டும், இன்னொருவரை நீங்களே சமூக வலைத்தளத்தில் தேடிப் பிடியுங்கள். “நன்றாக இருந்ததா” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பீர்கள்” என்று கேட்டால் உண்மை வரும்.

மூன்று வகைத் திட்டங்களை விலை எதுவானாலும் தவிர்க்கச் சொல்வோம். அனாதை இல்லங்களில் குறுகிய காலம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவற்றில் முதலாவது. உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பார்வையாளர்கள் கொண்டுவரும் பணத்துக்காகக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவரும் இல்லங்களும் இருக்கின்றன. 2 வாரத்துக்கு ஒருமுறை புது முகத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிவது குழந்தையின் மனதையும் கெடுக்கும். அனாதை இல்லத் தன்னார்வத் திட்டங்கள் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் வழிவகுக்கலாம் என்று 2019-ல் ஐ.நா. பொதுச் சபையின் தீர்மானமே எச்சரித்தது. இரண்டாவது, சிங்கக் குட்டியைத் தூக்குவது, யானைமேல் சவாரி செய்வது போன்றவற்றைச் ‘சரணாலயம்’ என்ற பெயரில் விற்கும் இடங்கள். உண்மையான காப்பகத்தில் விலங்கைத் தொட விடமாட்டார்கள். உங்கள் வேலை பெரும்பாலும் கூண்டு கழுவுவதாகத்தான் இருக்கும். மூன்றாவது, மருத்துவம் படித்து முடிக்காதவரை ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் விடும் இடங்கள். உங்கள் நாட்டில் உங்களுக்கு அனுமதி இல்லாத சிகிச்சையை இன்னொரு நாட்டு ஏழையிடம் பழகக் கூடாது.

சுத்தமான மோசடிகளும் உண்டு. ஐ.நா. பெயரில் “தேர்வாகிவிட்டீர்கள், விசாக் கட்டணம் அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால் அது பொய். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி எதற்கும் ஐ.நா. பணம் கேட்பதில்லை. நேர்காணலே நடத்தாமல் நியமன ஆணை அனுப்புபவரையும், அமைப்பின் சொந்த முகவரி இல்லாமல் இலவச மின்னஞ்சலிலிருந்து எழுதுபவரையும் நம்ப வேண்டாம்.

8. விசா, காப்பீடு, தடுப்பூசி

சம்பளம் இல்லாததால் சுற்றுலா விசா போதும் என்பது பரவலான தவறான எண்ணம். பல நாடுகளில் ஊதியமில்லா வேலையும் வேலைதான். சாப்பாடும் படுக்கையும் கொடுத்தால் அதையே கூலியாகக் கணக்கிடும் நாடுகளும் உண்டு. பிடிபட்டால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்புவார்கள், அடுத்த விசாவும் சிக்கலாகும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில், பார்வையாளராக வந்தவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள்வரை தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு மேல் தனி விசா வேண்டும். “யார் கேட்டாலும் சுற்றுலா என்றே சொல்லுங்கள்” என்று ஓர் அமைப்பு அறிவுரை சொன்னால், மாட்டினால் அது உங்களைக் கைவிடும் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் படித்து, சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

பயணக் காப்பீட்டில் விலக்குகள் பட்டியலை முதலில் படியுங்கள். உடலுழைப்பு, ஏணி அல்லது கூரைமேல் வேலை, இயந்திரங்களை இயக்குதல், விலங்குகளோடு வேலை ஆகியவற்றைப் பல சாதாரணத் திட்டங்கள் ஏற்பதில்லை. அவசர மருத்துவ இடமாற்றச் செலவும் அடங்கியிருக்க வேண்டும். மலைக் கிராமத்தில் கால் முறிந்தால் மருத்துவமனைச் செலவைவிட அங்கே கொண்டுபோகும் செலவே அதிகமாகலாம்.

குறைந்தது 6 மாதம் முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணைகளுக்கே 6 மாதம் ஆகும். மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்கும் நாடுகளுக்கு ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும் என்கின்றன. காவல்துறை நற்சான்றுக்கும் கல்விச் சான்றிதழ் மேலொப்பத்துக்கும் வாரக்கணக்கில் ஆகலாம். ஆனால் நற்சான்றை ரொம்ப முன்கூட்டியே வாங்கினால், பழையது என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். எத்தனை மாதத்துக்குள் வாங்கியது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். உடனே கிளம்பி வருவதற்கான விமானக் கட்டணத்தை யாரும் தொடாத தனிக் கணக்கில் வைத்திருங்கள். இடம் சரியில்லை என்று தெரிந்தும் பணமில்லாமல் மாட்டிக்கொண்டு இருப்பதுதான் மிக ஆபத்தானது.

9. போன பிறகும், கிளம்பும் முன்பும்

முதல் வாரம் யோசனை சொல்லாதீர்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுக் குறித்து மட்டும் வையுங்கள். முட்டாள்தனமாகத் தெரிந்த பாதி விஷயங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும், மீதிப் பாதியைப் பற்றி மூன்றாவது வாரத்தில் பேசலாம். உதவி பெறுபவர்களின் முகம் தெரியும் படங்களை, அமைப்பின் அனுமதியும் அவர்களுடைய சம்மதமும் இல்லாமல் எங்கும் போடாதீர்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். உங்கள் குழந்தையின் படத்தை ஊர்பேர் தெரியாத ஒருவர் எடுத்துப் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

விலகுவதற்கு 2 வாரம் முன்பிலிருந்து ஒப்படைப்புக் குறிப்பு எழுதத் தொடங்குங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யாரிடம் என்ன பாக்கி, எந்தக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அடுத்து வருபவர் முதல் நாள் எதைத் தொட வேண்டும் என்று ஒரு பக்கம் போதும். சான்றிதழைக் கடைசி நாளில் கேட்காமல் முன்பே கேளுங்கள். பணியின் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம், மேற்பார்வையாளரின் கையெழுத்து, அமைப்பின் பதிவு எண் இவை இருந்தால்தான் பிற்பாடு விசாவுக்கோ கல்விக்கோ பயன்படும். மணிக்கணக்கை அவர்கள் வைத்திருப்பார்கள் என்று நம்பாமல், முதல் நாளிலிருந்தே நீங்களும் குறித்து வந்து மாதாமாதம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.